படிகாரத்தில் இறுக்கிய ஈறு

மிளகு காய்ந்துவிட்டதா இல்லையா என்று பார்க்க இப்போது கையடக்க மிஷின் வந்துவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு என் அண்ணனின் கடைவாய்ப் பல்தான் மிஷின்.

சாக்கை அவிழ்த்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து நாலைந்து மணிகளை எடுப்பான். மேலே கிடக்கிற மிளகை அவன் நம்பமாட்டான். நல்லதை மேலே பரப்பி ஈரச் சரக்கை அடியில் தள்ளுகிற ஆட்கள் உண்டு. எடுத்த மணியை வலது கடைவாயில் வைத்துக் கடிப்பான். டக்கென்று உடைந்தால் காய்ந்த மிளகு. சத்தமில்லாமல் நசுங்கினால் ஈரம். "இன்னும் ரெண்டு வெயில் காட்டோணும்" என்று சொல்லித் துப்புவான். அதற்கு மேல் பேச்சு கிடையாது. காப்பிக் கொட்டைக்கும் அதே பல்தான், அதே தீர்ப்புதான்.

நாங்கள் மலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரர்கள். அத்தா, அதாவது அப்பா காலத்திலிருந்தே கொல்லிமலைச் சரக்கை வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்கிற குடும்பம். சந்தை நாளில் ஜீப்பை எடுத்துக்கொண்டு காரவள்ளி வழியாகச் சுற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மேலே போவோம். வாழவந்தி நாட்டிலிருந்தும் தேவனூர் நாட்டிலிருந்தும் சாக்கைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் வருவார்கள். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. நான் ஜீப் ஓட்டுவேன், தராசு பிடிப்பேன். அண்ணன் கடிப்பான். அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எனக்கு மூன்று வயது மூத்தவன்.

கடித்ததைத் துப்பும்போது எச்சில் சிவப்பாக இருக்கும். அவனுக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. பீடி, பொடி எதுவும் இல்லை. ஆனாலும் சிவப்பு. கேட்டால், "மிளகுக் காரம்டா. ஈறப் புண்ணாக்கிப் போடுது" என்பான். வருஷக்கணக்காக இந்த ஒரே பதில். நாங்களும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். நானும் அவனோடு நின்று மிளகு கடித்திருக்கிறேன். என் வாயில் அப்போது ரத்தம் வந்ததில்லை. அந்த வித்தியாசம்கூட என் மண்டையில் ஏறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் பேசும்போது மலைக்காரர்கள் ஓரடி தள்ளித்தான் நிற்பார்கள். அதை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தேவனூர் நாட்டிலிருந்து ஒரு பெரியம்மா வருவார். ஒல்லியான உடம்பு, ஊரையே கேட்க வைக்கிற குரல். ஒவ்வொரு சந்தையிலும் அண்ணனை வம்புக்கு இழுக்காமல் போகமாட்டார்.

"ஏனுங்க பாய், சாக்குக்கு நாலு மணி உங்க வாய்க்கே போயிருதுங்க. எனக்கு என்னங்க மிச்சம்?"

"துப்பிட்டனே ஆத்தா. பொறுக்கிக்க."

"அதையா? வேண்டாஞ் சாமி. நீங்களே வெச்சுக்குங்க."

எல்லோரும் சிரிப்போம். அவர் எதைச் சொன்னார் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

தொண்ணூற்றெட்டில், மிளகு பறிக்கிற மாசி மாதம். ஒரு தோட்டத்துக் கொடியைப் பார்க்க ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்தோம். ரெண்டு மேடு ஏறியிருப்போம். அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பேச வாயைத் திறக்கிறான், காற்று மட்டும் வருகிறது. அதற்கு முன்பே மாதக்கணக்கில் அவன் மல்லாந்து படுத்தால் இருமல் வந்து எழுந்து உட்கார்ந்துகொள்வதாக அண்ணி சொல்லியிருந்தார். மலைக்குளிர் என்று சொல்லி அதையும் ஒதுக்கிவிட்டோம். எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். காரம், குளிர், வெயில், அலைச்சல்.

கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனோம். பெரிய ஆஸ்பத்திரி. எக்கோ எடுத்துப் பார்த்த இதய டாக்டர் முதலில் கேட்டது, "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" வந்திருந்தது. அண்ணன் நாலாம் வகுப்பில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தான். முட்டி வீக்கம் வடிந்ததும் காய்ச்சல் போய்விட்டது என்று விட்டுவிட்டார்கள். காய்ச்சல் போனது. நெஞ்சுக்குள் இருக்கிற வால்வைச் சேதப்படுத்திவிட்டுப் போனது. முப்பது வருஷமாக அந்தக் கதவு சரியாகத் திறக்காமல், சரியாக மூடாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

வால்வை மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். தேதியும் கொடுத்தார். எழுந்து வாசல் வரை வந்த எங்களைக் கூப்பிட்டு, "அதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட போய், வாய் சுத்தமா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அது இல்லாம நான் கத்தி வைக்கமாட்டேன்" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு அவர் மேலும் கோபம் உண்டு. உயிர் போகிற விஷயத்தை வாசலில் வைத்து ஒற்றை வரியில் சொன்னால் எங்களைப் போன்றவர்கள் அதை ஒரு ரப்பர் ஸ்டாம்பு விவகாரம் என்றுதான் எடுத்துக்கொள்வோம். அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

திரும்பி வரும்போது அண்ணன் பஸ்ஸில் சிரித்தான். "நெஞ்சு சரியில்லன்னு போனா வாயத் தொறங்கறான். கால்ல முள்ளுன்னு போனா காதப் பாப்பானாட்ட இருக்குது."

நாமக்கல்லில் ஒரு பல் டாக்டர் அம்மா. சின்ன வயசு. நெஞ்சு டாக்டரின் சீட்டை இரண்டு முறை படித்தார். அண்ணனை நாற்காலியில் சாய்த்து, ஊசி மாதிரி மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கினார். அந்தக் கம்பியில் கோடு கோடாக அளவு போட்டிருந்தது. வலது கடைவாயில் பாதிக் கம்பி உள்ளே போய்விட்டது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளியே எடுத்தபோது ரத்தமும் மஞ்சளாகச் சீழும்.

"ஈறு பல்ல விட்டுக் கழண்டு போச்சுங்க. வலது பக்கம் மூணு கடைவாய்ப் பல்லு ஆடுது. அதைக் காப்பாத்த முடியாது, எடுக்கணும். மத்ததுக்கு ஈறுக்கு அடியில சுத்தம் பண்ணணும். நாலு தடவை வரணும்."

அண்ணனின் காதில் விழுந்தது மூணு பல் மட்டும்தான். வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை விட்டு இறங்கினான். "வாரங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான். அந்த அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். இவன் படியிறங்கிவிட்டான்.

ஜீப்பில் ஏறியதும் சண்டை.

"பல்லப் புடுங்கிட்டு நான் சந்தையில போயி எதை வெச்சுக் கடிக்கறது? உன் தலைய வெச்சா?"

"இடது பக்கம் கடிண்ணே."

"இருபது வருசமா வலது பக்கம் கடிச்சவன். அந்தப் பல்லுக்குத்தான்டா சத்தம் தெரியும். பொக்கவாய்ப் பாய்னு பேர் வெப்பானுங்க. எதிர்க்கடைக்காரன் அன்னைக்கே பாயசம் காச்சிருவான்."

"நெஞ்சு ஆபரேசன் வேண்டாமா?"

"வேணும். கடுதாசிதானே கேக்கறாங்க. கடுதாசி வாங்கிருவோம்."

இங்கேதான் என் பங்கு வருகிறது. இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

படிகாரக் கட்டி எல்லோருக்கும் தெரியும். சவரம் செய்த கன்னத்தில் தேய்ப்பார்களே, அதுதான். ரத்தத்தை நிறுத்தும், தோலை இறுக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, கருவேலம்பட்டை கொதிக்கவைத்த கஷாயத்தில் கலந்து கொப்பளித்தால் ஈறு சுருங்கி வெளுத்துவிடும், ரத்தம் நின்றுவிடும். யோசனை அண்ணனுடையது. படிகாரம் வாங்கி வந்தது நான். பட்டையை வெட்டிக்கொண்டு வந்தது நான். வீட்டுப் பின்னால் அடுப்புக் கூட்டிக் காய்ச்சியதும் நான். அண்ணி கேட்டதற்கு, "பல்லு உறுதிக்குங்க அண்ணி" என்று சொன்னதும் நான்தான்.

பத்து நாள், ஒரு நாளைக்கு ஆறு தடவை கொப்பளித்தான். ஜீப் கண்ணாடியில் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். ஈறு பல்லோடு இறுகி, காய்ந்த தேங்காய் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அடியில் இருந்த சீழ் அடியிலேயே இருந்தது. மேலே மட்டும் பளபளப்பு.

இதே வேலையை மிளகில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈர மிளகில் எண்ணெய் தடவி மினுக்கிக் கொண்டுவருவார்கள். அண்ணன் அவர்களைச் சும்மா விட்டதில்லை. சாக்கைக் கவிழ்த்துத் தரையில் கொட்டி, சந்தை முழுக்கக் கேட்கக் கத்துவான். "எவனுக்குடா எண்ணெ தடவற?" என்பான். அதே ஆள் சொந்த வாய்க்கு எண்ணெய் தடவி டாக்டரிடம் கொண்டுபோனான். நான் வண்டி ஓட்டினேன்.

நாமக்கல் அம்மாவிடம் போகவில்லை. வேறு ஒரு டவுனில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர் கம்பியை எடுக்கவே இல்லை. டார்ச்சை அடித்து, "ஆ சொல்லுங்க" என்றார். அண்ணன் ஆ சொன்னான். "ரத்தம் வருதா?" "இல்லீங்க." "வலி?" "இல்லீங்க." எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நாங்கள் கீழே சொல்லிவிட்டு வந்த டீ அதற்குள் ஆறக்கூட இல்லை. அந்த மனிதனை எங்கேயாவது பார்த்தால் இன்றைக்கும் நாலு கேள்வி கேட்பேன். சந்தையில் நிற்கிற நாங்களே சாக்கின் அடி வரை கைவிட்டுப் பார்க்கிறோம். படித்த மனிதன் மேலாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறான். ஆனால் அவனை ஏமாற்றப் போனவர்களே நாங்கள்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திரும்பி வரும்போது அண்ணன் கடுதாசியைச் சட்டைப் பையில் வைத்துத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

கோயம்புத்தூரில் கடுதாசியைக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலாவது நாள். மறுநாள் காலை ஆபரேஷன். எல்லா டெஸ்டும் முடிந்துவிட்டது. அண்ணியும் நானும் கூட இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர் பக்கத்து ஆள் ஒருவர். அவருக்கு வால்வு மாற்றிப் பல மாதம் ஆகியிருந்தது. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று விட்டு விட்டுக் காய்ச்சல். புது வால்வில் கிருமி உட்கார்ந்துவிட்டதாம். நாலு வாரமாகக் கையில் ஊசி ஏறிக்கொண்டே இருந்தது. கையில் குத்த இடமில்லாமல் காலில் குத்தியிருந்தார்கள். அவர் மனைவி அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பல்லுல சீழ் வெச்சிருந்துச்சுங்க அக்கா. அங்கிருந்துதான் ரத்தத்துல போயிருக்குங்கறாங்க. மறுபடி நெஞ்சத் தொறக்கணுமாம். தாங்குவாரான்னு தெரியலீங்கறாங்க."

அது என் காதில் விழுந்தது. அண்ணன் காதிலும் விழுந்தது. அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன். சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால் தேதி போய்விடும். அண்ணன் என்னைக் கொன்றுவிடுவான். எல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். நான் செய்ததிலேயே பெரிய அயோக்கியத்தனம் கஷாயம் காய்ச்சியது அல்ல, அந்த வராந்தாவில் இருந்து வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்ததுதான்.

சாயங்காலம் டீயும் பன்னும் கொடுத்தார்கள். அண்ணன் பன்னை ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டில் வைத்தான். கடித்த இடத்தில் சிவப்பு. நாலு நாளாகக் கஷாயம் இல்லை, படிகாரம் இல்லை. ஈறு தன் வேலையைக் காட்டிவிட்டது.

அண்ணி தட்டை எடுத்தார். பார்த்தார்.

"ரத்தமுங்க."

"மிளகுக் காரம்" என்றான் அண்ணன். யோசிக்கவே இல்லை. இருபது வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது.

"இங்க ஏதுங்க மிளகு?"

அண்ணன் டீ டம்ளரை எடுத்தான்.

"வந்து நாலு நாளாச்சு. இவங்க போடற சோத்துல உப்பே இல்ல. மிளகு எங்கிருந்துங்க வந்துச்சு?" அப்புறம் என்னைப் பார்த்தார். "தம்பி, பின்னாடி அடுப்புல என்னமோ காச்சுனீங்களே. அது எதுக்குன்னு நெசத்தச் சொல்லுங்க."

நான் தரையைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அண்ணி பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். அந்த ஆளின் காலில் ஊசி ஏறுவதைப் பார்த்தார். தட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்தார்.

"எங்க போற?"

"நர்சுகிட்ட."

"போனீன்னா அப்படியே ஊட்டுக்குப் போயிரு. திரும்பி எம்மூஞ்சில முழிக்காத."

"நீங்க இருந்தாத்தாங்க அது ஊடு" என்றார் அண்ணி. போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் எட்டாவது தாண்டாத பொம்பளை. எழுதிய கடுதாசியை நம்பாமல், கடித்த பன்னை நம்பினார்.

இதய டாக்டர் வந்தார். அண்ணனின் உதட்டைத் தூக்கி விரலால் ஈறை ஒரு அமுக்கு அமுக்கினார். கையுறையில் பட்டதை எங்களுக்குக் காட்டினார். அவர் கத்தவில்லை. பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டி, "அவரு தெரியாம இப்படி ஆனவரு. நீங்க தெரிஞ்சே பண்ணியிருக்கீங்க" என்றார். நாளைக்கு ஆபரேஷன் இல்லை என்று சொல்லிவிட்டு, பல் டாக்டருக்கு விவரமாக ஒரு சீட்டு எழுதினார். இந்த முறை முழுப் பக்கம்.

ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அண்ணன் அண்ணியோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. தேதியைக் கெடுத்துவிட்டாள், இனி எப்போது கூப்பிடுவார்களோ, அதற்குள் செத்துப்போனால் அவள்தான் பொறுப்பு என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். அண்ணி மடியில் அந்தச் சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

நாமக்கல் பல் டாக்டர் அம்மா எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அந்த மூணு பல்லும் இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றான் அண்ணன்.

"அப்ப உக்காருங்க. இந்தத் தடவ ஓடப்படாது. நான் கதவச் சாத்திருவேன்."

அண்ணிதான் கேட்டார்: "ஏனுங்க, பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்னங்க சம்பந்தம்?" நாங்கள் ரெண்டு ஆம்பிளைகளும் ரெண்டு மாதமாக ஒருத்தரிடமும் கேட்காத கேள்வி.

அந்த அம்மா சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஈறு பல்லை விட்டுக் கழன்றால் நடுவில் பை மாதிரிப் பள்ளம் விழும். அதில் கிருமி தங்கும். ஒவ்வொரு தடவை கடிக்கும்போதும் அந்தப் புண்ணின் வழியாகக் கொஞ்சம் கிருமி ரத்தத்துக்குள் போகும். நல்ல நெஞ்சாக இருந்தால் பெரும்பாலும் உடம்பே அதை அழித்துவிடும். வால்வு கெட்டுச் சொரசொரப்பாக இருந்தாலோ, மாற்று வால்வு போட்டிருந்தாலோ, கிருமி அதில் ஒட்டிக்கொண்டு வளரும்.

"ஈறைச் சரி பண்ணினா நெஞ்சு சரியாயிருமுங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"ஆகாதுங்க. வால்வு வால்வுதான், அத மாத்தித்தான் ஆகணும். ஆனா ஈறு இப்படி இருக்கையில புது வால்வப் போட்டா, அதுக்கு எந்நேரமும் ஆபத்து. இவரு மிளகு கடிக்கறவருன்னு சீட்டுல எழுதியிருக்குதே. ஒரு நாளைக்கு எத்தனை தடவ கடிப்பாரு?"

சந்தை நாளில் நூறு சாக்காவது பார்ப்பான்.

ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் முன்பே கிருமியைக் கொல்கிற மாத்திரை போட்டுக்கொண்டு போக வேண்டும். மூன்று பல்லையும் மூன்று தடவையில் எடுத்தார். அப்புறம் மரப்பு ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் பல்லின் வேர் வரை சுரண்டிச் சுத்தம் செய்தார். நான்கு தடவை என்றவர், விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து ஆறு தடவை வரவழைத்தார். பிடுங்கிய பல்லை அண்ணன் கேட்டு வாங்கினான். ஜீப்பில் உட்கார்ந்து வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அடியில் கறுப்பாகக் காரை பிடித்து, பார்க்கவே சகிக்கவில்லை. "இதுலயாடா நான் கடிச்சேன்" என்றான். ஜன்னல் வழியாக எறிந்துவிட்டான்.

இத்தனையும் முடிய மூன்று மாதம் போய்விட்டது. அதற்குள் நெஞ்சு இன்னும் மோசமானது. கட்டிலிலிருந்து கொல்லை வரை போகவே இரண்டு இடத்தில் நின்றான். முதலிலேயே அந்த அம்மா சொன்னதைக் கேட்டிருந்தால் முதல் தேதிக்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த மூன்று மாதமும் நானும் அவனும் பத்து நாளில் காய்ச்சிய கஷாயத்துக்குக் கொடுத்த விலை.

ஆடியில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆத்தூர்க்காரர் என்ன ஆனார் என்று அண்ணி நர்சிடம் கேட்டார். நர்ஸ் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். அண்ணி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அண்ணனுக்கு வைத்தது உலோக வால்வு. சத்தமில்லாத அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். டக், டக் என்று, காய்ந்த மிளகு உடைகிற மாதிரி.

அடுத்த மிளகுப் பருவத்தில் முதல் தடவையாகச் சந்தைக்கு ஏறினான். தேவனூர் நாட்டுப் பெரியம்மா சாக்கை இறக்கிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பாய், வாயத் தொறங்க பாப்போம். பல்லு போச்சாமே?"

அண்ணன் முகம் கறுத்தது. இதற்குத்தான் ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தான். நான் எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவனோ வாயைத் திறந்து காட்டிவிட்டான்.

பெரியம்மா கிட்டத்தில் வந்து பார்த்தார். ஓரடி தள்ளி நிற்கவில்லை. "அல்லா புண்ணியத்துல நாத்தம் போச்சுங்க" என்றார்.

"என்னது?"

"பின்னெ என்னங்க? நீங்க பேசுனா நாங்க மூச்ச அடக்கிட்டு நிப்போம். கடிச்சுத் துப்பறதுல ரத்தம் ரத்தமா வரும். அதப் பாத்துட்டுப் போயி எனக்கு மத்தியானம் களி எறங்காது. பாவம், நல்ல மனுசன், வாய்ல என்ன நோவோன்னு எங்கூருல பேசிக்குவாங்க."

"ஏன் ஆத்தா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னாக் கோவிச்சுக்கிட்டு எம்மிளக ஈரம்னு தள்ளிருவீங்களே, சாமி!"

சந்தையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பல்லுக்காக அவன் உயிரைப் பணயம் வைத்தானோ, அந்தப் பல்லைப் பார்த்து ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எதிர்க்கடைக்காரன் சிரிப்பான் என்று பயந்தோம். சிரிக்கிறதற்கு முன்னால் பரிதாபப்பட்டு முடித்துவிட்டார்கள். இரண்டு நாட்டு ஜனத்துக்கும் தெரிந்திருக்கிறது. அவனோடு ஒரே ஜீப்பில் உட்கார்ந்து போன எனக்குத் தெரியவில்லை. இல்லை, தெரியும். மூக்கு இருந்தது, கண் இருந்தது. வாய்தான் இல்லை.

அதற்குப் பிறகு கடிக்கிற வேலை என்னுடையதாயிற்று. ரத்தம் உறையாமல் இருக்க அண்ணன் தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். ஈறில் சின்னக் காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது என்று மிளகு பக்கமே வாயைக் கொண்டுபோகக் கூடாதென்று அண்ணி சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நாமக்கல்லுக்கு அவரே கூட்டிப்போகிறார். அண்ணன் முறைத்துக்கொண்டே போவான். அன்றைக்குப் பன்னோடு நர்சிடம் போனதற்காக ஒரு நல்ல வார்த்தை இன்றுவரை அவன் சொன்னதில்லை. அதற்கும் எனக்குக் கோபம் உண்டு. ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவகிட்ட என்னடா சொல்றது, அவளுக்குத் தெரியாதா" என்றான். தெரியும்தான். தெரிந்தால் சொல்ல வேண்டாம் என்று யார் சொன்னது?

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் ஒரு சந்தை நாள். வாழவந்தி நாட்டுக்காரர் ஒருவரின் சாக்கில் அடி வரை கைவிட்டு மிளகை எடுத்துக் கடித்தேன். டக்கென்று உடைந்தது. நல்ல சரக்கு. துப்பினேன்.

அண்ணன் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மிளகைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து, குனிந்து, நான் துப்பின இடத்தைப் பார்த்தான்.

"என்னடா இது?"

நானும் பார்த்தேன். சிவப்பு.

"மிளகுக் காரம்ணே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு கிட்டத்தில் நின்றதால் அவன் நெஞ்சிலிருந்து டக், டக் என்று வந்தது எனக்குக் கேட்டது. சாக்குக்காரர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாக்கக் கட்டுங்க, சரக்கு நல்ல சரக்கு" என்று அவரிடம் சொன்னான் அண்ணன். அப்புறம் ஜீப் சாவியை என் நெஞ்சில் விட்டெறிந்தான்.

"ஏறுடா வண்டியில. நாமக்கல் போறோம்."